இரண்டு சுண்டு, ஓர் இழுப்பு

கேட் மணி அடித்தது. ஒருமுறை அடித்து நின்றிருந்தால், வேன் வந்திருக்கிறது என்று அர்த்தம். விட்டுவிட்டு அடித்தால் முதலாளியின் கார். இதுவோ, யாரோ பொத்தானில் கட்டைவிரலை வைத்துவிட்டு எடுக்க மறந்ததைப் போல, நிற்காமல் அலறிக்கொண்டே இருந்தது.

"வெளியாளு!" என்று கத்தினான் மேஸ்திரி. "குட்டிங்கள மூடு! சீக்கிரம், சீக்கிரம்!"

மடிப்பு மேசையில் பெரிய படுக்கை விரிப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்த மடிப்பக்கா, அதை அப்படியே கீழே போட்டாள். மறுமுனையில் நின்ற மூத்த மகளுக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மேசைக்கு அடியில் துண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த தங்கையை இடுப்பில் அள்ளிக்கொண்டு சுவர் பக்கம் ஓடிவிட்டாள். அங்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய மூட்டைகள் மலை மாதிரிக் குவிந்திருந்தன. ஒன்று மட்டும் இன்னும் கட்டாமல் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. இரண்டு பிள்ளைகளும் அதற்குள் இறங்கிச் சுருண்டன. மேலே நான்கைந்து விரிப்புகளைப் போட்டு, மூச்சு விட இடம் வைத்து, மூலைகளைத் தளர்த்தியாக முடிச்சுப் போட்டாள் தாய்.

எல்லாம் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிட்டது. தன் பிள்ளைகளைத் தானே மூட்டை கட்டுவதில் அவளை மிஞ்ச அந்தச் சலவைக்கூடத்தில் ஆளே கிடையாது.

திரும்பி மேசைக்கு வந்து, கீழே போட்ட விரிப்பை எடுத்துக்கொண்டாள். இருப்புக் கொள்ளாமல் தவித்துக்கொண்டுதான் அவள் நாலைந்து நாட்களை ஓட்டியிருந்தாள். நாளைக் காலையில் பெரியவள் போகிறாள். முதலாளியின் மகளுக்குப் புது வீடு கட்டியாகிவிட்டது. அடுப்பு, கட்டில், பீரோ எல்லாம் வாங்கிக் கொடுத்தாகிவிட்டது. கூடமாட வேலை செய்ய ஒரு பெண்தான் பாக்கி. "நம்ம மடிப்புக்காரி பெத்தது ஒண்ணு இருக்கே, அதை ஏத்தி அனுப்பு" என்று முதலாளி சொன்னபோது, மேசை நாற்காலியைச் சொல்வது போலத்தான் சொன்னார்.

மடிப்பக்கா இங்கேயே பிறந்தவள். அவளுடைய அம்மாவை முதலாளியின் அப்பா எங்கிருந்தோ கூட்டி வந்தார். எதற்கு, எந்தக் கணக்கில் என்று யாரும் சொன்னதில்லை. கேட்ட நாளில் அம்மாவுக்குச் சோறு கிடைக்கவில்லை. பாய்லர் அறைக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகையில் இவள் பிறந்து, அங்கேயே வளர்ந்து, அங்கேயே பிள்ளையும் பெற்றாள். வேனோடு போன அவள் புருஷன் திரும்பி வரவில்லை. ஓடிப்போனானா, ஓட்டிவிடப்பட்டானா என்பது இன்றுவரை தெரியாது.

அவளைப் பூட்டி வைத்திருக்கிறார்களா என்றால், அதுவும் இல்லை. சில நாள் கேட்டை விரியத் திறந்து வைத்துக்கொண்டு முதலாளியே கிண்டலடிப்பார். "போறதுன்னா தாராளமாப் போம்மா. நான் பிடிச்சா வச்சிருக்கேன்? பிள்ளைங்க மட்டும் இங்க இருக்கட்டும்."

இப்போது முதலாளி கேட்டுப் பக்கம் அவசர அவசரமாகப் போய், வந்தவர்களை அழைத்துக்கொண்டு வந்தார். முன்னால் ஒரு பெண் அதிகாரி. வெயிலில் வந்த முகம், தோளில் துணிப்பை, வியர்வையில் வழுக்கி இறங்கும் கண்ணாடி. பின்னால் ஒரு பெண் போலீஸ்.

"வாங்கம்மா, வாங்க. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கார் அனுப்பியிருப்பேனே!"

"சொல்லிட்டு வந்தா எல்லாரும் குளிச்சுத் தலை வாரி நிப்பாங்க. அதான் சொல்லல" என்றார் அதிகாரி.

பாய்லர்காரர் கரித்துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டே மடிப்பக்கா பக்கம் சாய்ந்தார். "என்ன தங்கச்சி, இந்தத் தடவை மச்சானுக்குப் பொம்பள வேஷமா? அந்த மீசைய எப்படிச் சிரைச்சான்?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அவர் கேட்டதில் நியாயம் இருந்தது.

முதலாளிக்கு ஒரு பழக்கம். அவ்வப்போது தன் மச்சானுக்குத் தேய்த்த சட்டை போட்டு, கையில் ஒரு ஃபைலைக் கொடுத்து, அதிகாரி மாதிரி உள்ளே அனுப்புவார். மணியும் இதே மாதிரிதான் நிற்காமல் அடிக்கும். யார் வாயைத் திறக்கிறார்கள் என்று பார்க்க ஓர் ஒத்திகை. முதல் ஒத்திகையில் சோப்பக்கா ஏமாந்துபோனாள். சோப்புத்தூள் கரைக்கிற வேலை அவளுக்கு. வந்தவன் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் பையனைக் கூப்பிடும்மா, நான் பாத்துக்கறேன்" என்று குழைந்திருக்கிறான். அவளும் நம்பிக் கூப்பிட்டாள். அம்மா குரலைக் கேட்டதும் துணிக்குவியலிலிருந்து சிரித்துக்கொண்டே ஓடி வந்தது பிள்ளை. அன்று சாயங்காலமே அவனை எந்த ஊருக்கோ அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு சோப்பக்கா பேசி யாரும் கேட்டதில்லை.

அன்றைக்கே மடிப்பக்கா தன் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிவிட்டாள். "யாரு கூப்பிட்டாலும் வெளிய வரக் கூடாது. நானே வாயால கூப்பிட்டாலும் வரக் கூடாது. துணி கூப்பிட்டாத்தான் வரணும். புரிஞ்சுதா?"

பிள்ளைகளுக்குப் புரிந்தது. வேலை நேரத்தில் பேசினால் மேஸ்திரியின் பிரம்பு பேசும். விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு ஒரு முனை. அந்த விரிப்பு வழியாகவே தாயும் மகளும் பேசக் கற்றுக்கொண்டார்கள். ஒரு சுண்டு சுண்டினால், மேஸ்திரி பார்க்கிறான் என்று அர்த்தம். நீளமாக ஓர் இழுப்பு என்றால் களைத்துவிட்டேன், நிறுத்து. இரண்டு சுண்டு, ஓர் இழுப்பு: என்கிட்ட வா.

போன ஒத்திகையில் சின்னவள் தும்மிவிட்டாள். பட்டாணி என்று கூப்பிடுவார்கள் அவளை. பட்டாணி மாதிரியே உருண்டை முகம். சோப்புத்தூள் மூக்கில் ஏறிவிட்டது, பாவம், என்ன செய்யும்? முதலாளி அதட்டவில்லை, அடிக்கவில்லை. குனிந்து அவள் காதில் என்னவோ சொல்லிவிட்டு, கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். அவர் என்ன சொன்னார் என்று கேட்டுக் கேட்டுத் தாய் ஓய்ந்துபோனாள். பட்டாணி வாயைத் திறக்கவே இல்லை. அன்றிலிருந்து அக்காவின் பின்னலைக் கையில் சுற்றிக்கொண்டுதான் தூங்குகிறாள். மூக்கு அரித்தால்கூட இரண்டு கையாலும் பொத்திக்கொள்கிறாள்.

"இங்க குழந்தைங்க இருக்கறதா எங்களுக்குத் தகவல் வந்திருக்கு" என்றார் அதிகாரி.

"குழந்தைங்களா? இங்கயா?" முதலாளி கையை விரித்தார். "என் கண்ணுல படுறதெல்லாம் பெட்ஷீட்டுதாம்மா. ராத்திரி கனவுலயும் அதேதான்."

அதிகாரி அவருக்குப் பதில் சொல்லாமல் பெண்கள் பக்கம் திரும்பினார். "உங்கள்ல யாருக்காவது பிள்ளைங்க இருக்கா? பயப்படாம சொல்லுங்க."

பாய்லர்தான் உஸ்ஸென்று மூச்சு விட்டது. சோப்பக்கா தன் பாதங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதிகாரி துணிப்பைக்குள் கையை விட்டு ஒரு தலையணை உறையை எடுத்து உதறினார். வெள்ளைத் துணியின் நடுவில், பளிச்சென்று இரண்டு நீலக் கைகள். ஒன்று சின்னது. மற்றது அதைவிடச் சின்னது.

"இது இங்க இருந்து ஆஸ்பத்திரிக்குப் போன துணி. நர்ஸ் ஒருத்தங்க கொண்டு வந்து குடுத்தாங்க. இது யாரோட கை?"

மடிப்பக்காவுக்கு அந்தக் கைகளைத் தெரியும். அவள் விட்ட தூது அது. எழுதப் படிக்கத் தெரியாதவளுக்கு வேறென்ன வழி? பெரியவளை அனுப்பப் போகிறார்கள் என்று தெரிந்த அன்று, வெள்ளைத் துணிக்குப் போடும் நீலத்தில் பிள்ளைகளின் உள்ளங்கையை முக்கி, உறையில் அழுத்தி, ஆஸ்பத்திரி அடுக்கின் நடுவில் செருகிவிட்டாள். யாராவது ஒரு மகராசி பார்க்க மாட்டாளா, பிள்ளைக் கைக்கு இங்கே என்ன வேலை என்று யோசிக்க மாட்டாளா என்று ஒரு நப்பாசை.

ஆனால் அது ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்ததா? நடுவில் மேஸ்திரி கையில் சிக்கி, முதலாளியிடம் போய், அவரே இந்த அம்மாவிடம் கொடுத்து அனுப்பியிருந்தால்? இதுவும் ஒத்திகையாக இருந்தால்? வாயைத் திறந்தால் ஒன்றல்ல, இரண்டு பிள்ளையும் போய்விடும். திறக்காவிட்டால் நாளைக் காலையில் ஒன்று போவது நிச்சயம். என்ன செய்ய? யாரைப் பார்த்து முடிவு செய்ய?

அவள் முதலாளியைப் பார்த்தாள்.

ஒத்திகை நாட்களில் முதலாளி காலை ஆட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். மச்சானைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். பெண்களின் முகங்களைத்தான் ஒவ்வொன்றாக மேய்ந்துகொண்டிருப்பார், எந்த உதடு அசைகிறது என்று. இன்றைக்கு நாற்காலி காலியாகக் கிடந்தது. நின்றுகொண்டிருந்த முதலாளி பெண்கள் பக்கம் திரும்பவே இல்லை. அவர் கண் அதிகாரியின் முகத்தை விட்டு அகலவில்லை. கழுத்தில் ஒரு வியர்வைக் கோடு இறங்கிக்கொண்டிருந்தது.

இது மச்சான் இல்லை. இது நிஜம்.

"அது என் பிள்ளைங்க கை" என்றாள் மடிப்பக்கா.

அவள் குரல் அவளுக்கே யாரோ பேசுவது போல இருந்தது. மேஸ்திரி ஓரடி முன்னால் வந்தான். முதலாளி அவனைக் கண்ணாலேயே நிறுத்தி, அதே கண்ணால் பின்வாசலில் மூட்டை ஏற்றக் காத்திருந்த வேன் ஆட்கள் பக்கம் ஏதோ ஜாடை காட்டினார். பிறகு உச்சுக் கொட்டினார்.

"பாவம்மா இவ. இங்க கொஞ்சம் சரியில்ல" என்று தன் நெற்றிப்பொட்டைத் தட்டிக் காட்டினார். "பெத்த குழந்தை தவறிப்போச்சு. அதுல இருந்து பாக்குறதெல்லாம் தன் பிள்ளைம்பா. நாங்களும் வெளிய விரட்ட மனசில்லாம வச்சுக்கிட்டிருக்கோம். ஆஸ்பத்திரியில இல்லாத குழந்தைங்களா? எதோ ஒண்ணு நீலத்துல கைய விட்டிருக்கும். நீங்க அதைப் போய்..."

"பொய்! ரெண்டு பேரு இருக்காங்க. இங்கயே, இந்தக் கூடத்துலயே இருக்காங்க!"

அதிகாரி கண்ணாடியை மேலே தள்ளினார். "இருந்தா கூப்பிடும்மா. உன் குரலைக் கேட்டா வந்துடுவாங்கள்ல?"

அவள் கூப்பிட்டாள். "பெரியவளே! பட்டாணி! வாங்கடா!"

சத்தமில்லை.

"அம்மாதான் கூப்பிடறேன்! ஒண்ணும் ஆகாது, வாங்க! கண்ணுங்களா!"

எதுவும் அசையவில்லை. தொண்டை கிழியக் கத்தக் கத்த அவளுக்கே உறைத்தது. வராது. நானே கூப்பிட்டாலும் வராதே என்று சொல்லிக் கொடுத்தவள் அவள்தானே? சொன்னதைத் தட்டாத பிள்ளைகள் அவள் பெற்றவை.

"பாத்தீங்களாம்மா?" என்றார் முதலாளி, மெதுவாக, துக்க வீட்டில் பேசுவது போல.

மடிப்பக்கா சுவர் பக்கம் பாய்ந்தாள். போன கால் பாதியில் நின்றுவிட்டது. சுவர் வெறுஞ்சுவராக இருந்தது. மூட்டை மலையைக் காணோம். மேஸ்திரியையும் காணோம். பின்வாசலுக்கு அப்பால் வேன் உறுமிக்கொண்டிருந்தது.

அவள் ஓடிய ஓட்டத்தில் தேய்ப்பு மேசை கவிழ்ந்தது. பின்வாசல் வழியாக முற்றத்துக்கு வந்தபோது வேன் கேட்டை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. ஆனால் கேட்டைத் தாண்ட முடியவில்லை. அதிகாரியின் ஜீப் டிரைவர் நிழல் பார்த்து நடுவாசலிலேயே வண்டியை நிறுத்திவிட்டு, சீட்டைச் சாய்த்துக் கண்ணயர்ந்துவிட்டார். வேன்காரன் ஹாரனை அழுத்தினான். மேஸ்திரி இறங்கிப் போய் ஜீப்பின் கூரையைத் தட்டினான். டிரைவர் ஒரு கண்ணைத் திறந்து, "மேடம் வரட்டும்ப்பா, எங்க ஓடிடப் போகுது உன் வண்டி?" என்று சொல்லிவிட்டு மறுபடி மூடிக்கொண்டார்.

பின்னாலேயே மூச்சிரைக்க வந்து சேர்ந்தார் அதிகாரி. "கதவைத் திறங்க."

"ஆஸ்பத்திரித் துணிம்மா" என்று இடைமறித்தான் மேஸ்திரி. "கொதிக்க வச்சு எடுத்தது. இங்க பிரிச்சா கிருமி ஏறிடும். அங்க ஆபரேஷன் நிக்குது. நாளைக்கு எதாவது ஒண்ணு ஆச்சுன்னா நீங்கதான் பதில் சொல்லணும்."

அதிகாரி தயங்கினார். அந்த ஒரு விநாடித் தயக்கம் முதலாளிக்குப் போதும் என்பது மடிப்பக்காவுக்குத் தெரியும். அவர் ஏற்கெனவே முகத்தில் புன்னகையை எடுத்து மாட்டிக்கொண்டிருந்தார்.

"பிரிக்க வேணாம்மா" என்றாள் அவள். "தொட மட்டும் விடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

பெண் போலீஸ் யாரையும் கேட்காமல் கதவைத் திறந்துவிட்டாள்.

உள்ளே கூரைவரை மூட்டைகள். எல்லாம் ஒரே வெள்ளை, எல்லாம் ஒரே மாதிரி. அவள் ஏறிக்கொண்டாள். முதல் மூட்டையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த துணி முனையைப் பிடித்து இரண்டு சுண்டு சுண்டினாள், ஓர் இழுப்பு இழுத்தாள். காத்திருந்தாள். பதில் இல்லை. அடுத்தது. அதிலும் இல்லை. அதற்கடுத்தது.

"மூட்டையோட பேசறா பாருங்க" என்றார் முதலாளி. "இதத்தான் நான் சொன்னேன். எறங்குடி கீழ, போதும்."

தளர்த்தியாகத்தானே கட்டினேன்? தூக்கிப் போட்ட வேகத்தில் முடிச்சு இறுகியிருந்தால்? மேலே இத்தனை பாரம் ஏறியிருக்கிறதே, மூச்சு முட்டியிருந்தால்? சுண்டினாள், இழுத்தாள். சுண்டினாள், இழுத்தாள். விரல் மரத்துப்போனது.

"அடியில பாருடி."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சோப்பக்கா நின்றிருந்தாள், கையெல்லாம் நுரையோடு. பேசாமல் கிடந்த குரல் கரகரத்தது. "இடது பக்கம், அடியில. அதைத்தான் அவன் மொத மொதத் தூக்கினான். நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்." பிறகு அதிகாரியைப் பார்த்தாள். "அவளுக்குப் பைத்தியம் இல்லம்மா. அவளுக்கு ரெண்டு பொண்ணு. எனக்கும் ஒரு பையன் இருந்தான்."

"ஏய்!" என்று மேஸ்திரி கையை ஓங்கினான். அந்தக் கையைப் பாய்லர்காரர் பிடித்து ஓரமாகத் தள்ளிவிட்டார்.

"தள்ளு மேஸ்திரி. காலம் பூரா அடுப்புல கரி தள்ளின கை, கொஞ்சம் சூடாத்தான் இருக்கும். தங்கச்சி, நீ நகராத, நான் எடுத்துப் போடறேன்."

ஒவ்வொரு மூட்டையாக வெளியே பறந்தது. தரையில் விழுந்த ஒவ்வொன்றையும் பார்த்து முதலாளி ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார், நஷ்டம் என்றார், வக்கீல் என்றார். யாரும் காது கொடுக்கவில்லை. கடைசி மூட்டையின் முனை தெரிந்தது. மடிப்பக்கா முட்டி போட்டு அதைப் பிடித்தாள். இரண்டு சுண்டு. ஓர் இழுப்பு.

துணி அசையவில்லை.

மறுபடியும், கொஞ்சம் மெதுவாக, மடிப்பு மேசையில் செய்வது போலவே. இரண்டு சுண்டு. ஓர் இழுப்பு.

அவள் விரலுக்குள் துணி தானாக உயிர் பெற்றது. உள்ளேயிருந்து ஒரு சுண்டு. இன்னொரு சுண்டு. பிறகு நீளமாக, பலமெல்லாம் போட்டு, ஓர் இழுப்பு.

முடிச்சை அவள் அவிழ்க்கவில்லை, பல்லால் கடித்துக் கிழித்தாள். விரிப்புகளை அள்ளி எறிந்தாள். பெரியவளின் முகம் தெரிந்தது. குளித்தது போல நனைந்து, முடியெல்லாம் நெற்றியில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவளுடைய உள்ளங்கை தங்கையின் வாயைப் பொத்தியபடியே இருந்தது. அம்மாவின் கண்ணைப் பார்த்த பிறகுதான், விரல் விரலாக, அந்தக் கையை எடுத்தாள்.

அதிகாரி துணிப்பையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கைகளையும் நீட்டினார். பட்டாணி அந்தக் கைகளுக்குப் போகவில்லை. அம்மாவிடமும் போகவில்லை. அக்காவின் பின்னலைப் பிடித்தபடியே வேனின் விளிம்புவரை தவழ்ந்து வந்தாள். வெளிச்சத்தில் கண் கூச, கூட்டத்தில் யாரையோ தேடினாள். தேடிய முகம் கிடைத்ததும், சிவந்துபோயிருந்த மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, முதலாளியிடம் சொன்னாள்:

"ஐயா, இன்னைக்கு நான் தும்மவே இல்ல. அப்போ அக்காவ நாளைக்கு அனுப்ப மாட்டீங்கதானே?"